கொல்லி மலையில் நிலம் வாங்குதல்: முன்கூட்டியே சரிபார்க்க வேண்டிய விதிகள்

கொல்லி மலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு மலைத்தொடர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை மேலுள்ள ஊர்களை அடையலாம். மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளி, சாமை, தினை ஆகியவை விளையும் நிலங்கள் இங்கு உள்ளன. தோட்டம் போடவும், ஓய்வு இல்லம் கட்டவும், தங்கும் விடுதி நடத்தவும் விரும்பிச் சமவெளியைச் சேர்ந்த பலர் இங்கு நிலம் தேடுகின்றனர்.

சமவெளியில் ஒரு மனை வாங்குபவர் பெரும்பாலும் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார். கொல்லி மலையில் இந்த மூன்று மட்டும் போதா. இங்குள்ள நிலத்தின்மீது வருவாய்த் துறையின் நிபந்தனைகள், வனச் சட்டங்கள், மலைப்பகுதிக்கான கட்டட விதிகள், ஊராட்சியின் அதிகாரம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, அந்தப் பட்டா முதன்முதலில் எந்த நிபந்தனையோடு வழங்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தெரியாமல் வாங்கினால் வாங்குபவர் தம் சேமிப்பை இழக்கலாம். விற்ற பழங்குடிக் குடும்பமோ தன் வாழ்வாதாரத்தை இழக்கலாம்.

மலையும் அதன் நாடுகளும்

கொல்லி மலை 14 நாடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, பைல் நாடு, பெரக்கரை நாடு என்பன அவை. இன்று இவை ஒவ்வொன்றும் ஒரு கிராம ஊராட்சி. இவற்றை உள்ளடக்கியது கொல்லி மலை ஊராட்சி ஒன்றியம். ஒன்றிய அலுவலகம் செம்மேட்டில் உள்ளது. 1997 வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்ததால், பழைய ஆவணங்களில் சேலம் மாவட்டம் என்றே எழுதப்பட்டிருக்கும்.

மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தின் மலையாள மொழி பேசுவோருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். பிரிக்கப்படாத சேலம், திருச்சிராப்பள்ளி, தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை மாவட்டங்களின் மலையாளிகள் தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் இடம்பெற்றுள்ளனர். நிலம் வாங்குபவர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் விற்பவர் பட்டியல் பழங்குடியினராக இருந்தால் நிலத்தின் நிபந்தனை, வாரிசுரிமை, குற்றவியல் சட்டம் ஆகிய மூன்றிலும் தனி விதிகள் பொருந்துகின்றன.

ஐந்தாம் அட்டவணையும் தமிழ்நாடும்

இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடியினர் வாழும் சில பகுதிகளைப் பட்டியல் பகுதிகள் என அறிவிக்க வழிசெய்கிறது. ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களில் அத்தகைய பகுதிகள் உள்ளன. ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தை மற்றவர்கள் வாங்கவே முடியாது. 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் 1970இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அதைத் தடுக்கின்றன.

தமிழ்நாட்டில் பட்டியல் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. எனவே பட்டியல் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் கொல்லி மலைக்குப் பொருந்தாது. கேரளம் 1975இலும் 1999இலும் இயற்றியதைப் போன்ற, பழங்குடியினர் நில மாற்றத்தை முழுமையாகக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டமும் தமிழ்நாட்டில் இல்லை.

இதை வைத்து, 'தமிழ்நாட்டில் தடையே இல்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம்' என்று தரகர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. தமிழ்நாட்டில் பொதுவான தடை இல்லை. ஆனால் ஒப்படை செய்யப்பட்ட நிலத்துக்குத் தடை உண்டு. பழங்குடியினர் நிலப் பாதுகாப்புச் சட்டங்களைத் தொகுக்கும் மைய அரசின் பட்டியல்களில் தமிழ்நாட்டுக்கு நேராகக் காட்டப்படுவது வருவாய் நிலையாணை 15, பத்தி 40. பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிலம் கைமாறுவதை அது கட்டுப்படுத்துகிறது. கொல்லி மலையில் ஒரு நிலத்தை வாங்க முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

பட்டாவின் வகைகள்

பட்டா என்ற ஒரே பெயரில் பல வகை நிலங்கள் உள்ளன. இணையத்தில் எடுத்த பட்டா நகலில் உரிமையாளர் பெயர், புல எண், பரப்பு, தீர்வை ஆகியவை இருக்கும். நிலம் எப்படி வந்தது என்பது அதில் முழுமையாகத் தெரியாது. அதற்கு அ-பதிவேட்டையும் பழைய வருவாய்க் கணக்குகளையும் பார்க்க வேண்டும்.

ரயத்துவாரி நிலம்: நிலவரித் திட்டத்தின்போதே தனியார் அனுபவத்தில் இருப்பதாகப் பதிவான நிலம் இது. அ-பதிவேட்டில் 'ரயத்துவாரி' எனக் குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக உரிமையாளர் இதை விற்கலாம். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இல்லை. ஆனால் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தின்படி ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் 15 தர ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது.

ஒப்படை நிலம்: அரசின் தரிசு நிலம் நிலமற்றவருக்கு இலவசமாகவோ சிறு தொகைக்கோ வழங்கப்பட்டிருந்தால் அது ஒப்படை நிலம். பேச்சு வழக்கில் கண்டிஷன் பட்டா என்பார்கள். பழைய ஆவணங்களில் 'தர்காஸ்து' என்ற சொல்லையும் காணலாம். ஒப்படை ஆணையில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, குறிப்பிட்ட பிரிவினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, ஆட்சியரின் அனுமதி இன்றிக் கைமாற்றக் கூடாது என்பன போன்றவை அவை. மீறினால் அரசு இழப்பீடின்றி நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒப்படை நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தாலும், இடையில் இருவர் கைமாறியிருந்தாலும், கால வரம்பில்லாத நிபந்தனை நிலத்தோடு சேர்ந்தே வரும். 'முன்பே ஒருவர் வாங்கிப் பதிவு செய்திருக்கிறாரே' என்பது பாதுகாப்பு அல்ல. முதல் விற்பனையே நிபந்தனையை மீறியதாக இருந்தால் அதன் பின்னர் வந்த எல்லா விற்பனைகளும் ஆட்டம் காணும்.

வன உரிமை நிலம்: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் வனநிலத்தில் பயிரிட்டு வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 எக்டர் வரை உரிமை வழங்கப்படுகிறது. சட்டத்தின் 4ஆம் பிரிவு, இந்த உரிமை வாரிசுகளுக்குச் செல்லும் என்றும், விற்கவோ மாற்றவோ முடியாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆட்சியர் அனுமதித்தாலும் இதை விற்க இயலாது. வன உரிமை ஆவணத்தைச் சிலர் பட்டா என்றே அழைப்பதால் ஆவணத்தின் தலைப்பை வரி விடாமல் படிக்க வேண்டும்.

கோயில் நிலமும் கோயில் காடும்: வளப்பூர் நாட்டில் உள்ள அறப்பளீசுவரர் கோயில் புகழ்பெற்றது. அதைத் தவிர ஊர்த் தெய்வங்களின் கோயில்களும், மரம் வெட்டாமல் மக்கள் காத்துவரும் கோயில் காடுகளும் மலை முழுவதும் உள்ளன. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிச் செய்யப்பட்ட கோயில் நில விற்பனை செல்லாது. ஆவணத்தில் இல்லாத கோயில் காட்டை ஊர் மக்களிடம் கேட்டே அறிய முடியும்.

புறம்போக்கும் தரிசும்: 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு', 'புறம்போக்கு' என்று அ-பதிவேட்டில் இருப்பவை அரசு நிலங்கள். ஒருவர் தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்தாலும், அபராதத் தீர்வை கட்டிய ரசீது வைத்திருந்தாலும், அவர் அதை விற்க முடியாது.

விற்பவர் யார்?

நிலம் விற்கத் தகுந்ததாக இருந்தாலும், விற்பவருக்கு அதன் முழு உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலை ஊர்களில் தாத்தா பெயரில் உள்ள பட்டா பேரன்கள் காலம் வரை மாற்றப்படாமல் இருப்பது உண்டு. கூட்டுப் பட்டாவில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருப்பதும் உண்டு. வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்து, அவரவர் பங்கை அவரவர் உழுது வந்தாலும் ஆவணத்தில் அது ஏறியிருக்காது.

இங்கு ஒரு சட்ட நுணுக்கம் உள்ளது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மைய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே கூறுகிறது. எனவே மலையாளிக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் வழக்காறு முன்னிற்கிறது. 'வழக்காற்றில் பெண்ணுக்குப் பங்கு இல்லை' என்று சொல்லி மகள்களின் கையெழுத்தை விட்டுவிடுவது ஆபத்து. பெண்ணுக்குப் பங்கில்லை என்னும் வழக்காறு மெய்ப்பிக்கப்படாத ஒரு கோண்டு பழங்குடிக் குடும்ப வழக்கில், பெண்வழி வாரிசுகளுக்கும் சமபங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே ஆண், பெண் வேறுபாடின்றி எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் ஆவணமே பாதுகாப்பானது. வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவையா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

குறுக்கு வழிகள்

நேரடியாக வாங்க முடியாத நிலத்துக்குச் சில மாற்று வழிகள் சொல்லப்படுவதுண்டு. அவற்றின் விளைவுகளை அறிந்திருப்பது நல்லது.

உள்ளூர்ப் பழங்குடியினர் ஒருவர் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வது முதலாவது. பணம் கொடுத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்றால் அது பினாமிப் பரிமாற்றம். 2016இல் திருத்தப்பட்ட பினாமித் தடைச் சட்டத்தின்படி சொத்து பறிமுதல் செய்யப்படலாம். 1 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. பெயர் கொடுத்த ஏழைக் குடும்பமும் வழக்கில் சிக்கும்.

விற்பனைக்குப் பதிலாகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்குவது இரண்டாவது. பேச்சில் இது 'பவர் வாங்குவது'. அதிகாரப் பத்திரம் மூலமாக மட்டும் நில உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது.

நீண்டகாலக் குத்தகை மூன்றாவது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு தேவை. ஒப்படை ஆணையில் 'கைமாற்றக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் அது குத்தகைக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

இவை தவிர, பழங்குடியினருக்குச் சொந்தமான, அல்லது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதும், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி குற்றம்.

ஊராட்சியின் அதிகாரமும் எல்லையும்

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்கும் கிராம ஊராட்சிக்கு வீட்டுவரி விதித்தல், குடிநீர் இணைப்பு, உள்ளூர்ச் சாலைகள், கட்டட அனுமதி போன்ற பொறுப்புகள் உள்ளன. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலங்களில் தனி அலுவலர் இந்தப் பொறுப்பை வகிப்பார்.

விளம்பரங்களில் 'பஞ்சாயத்து அப்ரூவல் மனை' என்று எழுதப்படுவதைக் காணலாம். பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் மனைப்பிரிவுக்கு ஊராட்சி தானாக ஒப்புதல் தர முடியாது. அதற்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி, ஒப்புதல் பெறாத மனைப்பிரிவில் உள்ள மனையைப் பதிவு செய்ய முடியாது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. ஒரு மனைக்கு வரன்முறை ஆணை இருப்பதாகச் சொன்னால், அது மலைப்பகுதிக்குரிய நடைமுறையின்படி பெறப்பட்டதா என்று ஆணையின் எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

விவசாய நிலத்தில் விடுதியோ வணிகக் கட்டடமோ கட்ட நினைத்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவை. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் இது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்கீழ் வரும். பட்டா நிலம் என்பதால் எதையும் கட்டலாம் என்று பொருளல்ல. பக்கத்து நிலத்தில் விடுதி இருக்கிறது என்பதும் ஆதாரமாகாது. அந்த விடுதிக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

கட்டட அனுமதிக்கு 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். 2024இல் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை தொடங்கப்பட்டது. மலைப்பகுதி மனைக்கு அந்த எளிய முறை பொருந்துமா என்பதை ஒன்றிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறாமல் அடித்தளம் தோண்டக் கூடாது.

மலைப்பகுதிக்கான தனி விதிகள்

மலைகளில் கட்டுப்பாடற்ற கட்டுமானத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. ஹாகா என்பது இதன் சுருக்கப் பெயர். அரசாணையில் பட்டியலிடப்பட்ட மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு, கட்டடம் ஆகியவற்றுக்கு வழக்கமான அனுமதியோடு மாவட்ட ஆட்சியர், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியோரின் கருத்தும் பெறப்படுகிறது. வேளாண் பொறியியல் துறை மண் அரிப்பையும், சுரங்கத் துறை நிலச்சரிவு வாய்ப்பையும், வனத்துறை காப்புக்காட்டின் எல்லையையும் பார்க்கும். வாங்க நினைக்கும் நிலத்தின் வருவாய்க் கிராமமும் புல எண்ணும் இந்தப் பட்டியலில் வருகின்றனவா என்று நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

மலைக் கட்டட விதி எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதற்கு நீலகிரி எடுத்துக்காட்டு. அங்குக் கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் மூன்று மாடிக்கு வரைந்த வரைபடத்தை அப்படியே மலைக்குக் கொண்டு வருபவர் அதைப் பாதியாகக் குறைக்க நேரிடும்.

மரங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரமானாலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். கொல்லி மலையில் மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றி வளர்ப்பது வழக்கம். 'மரத்தை விற்றாலே நிலத்தின் பாதி விலை வந்துவிடும்' என்ற பேச்சை நம்பி விலை பேசுபவர், வெட்டவும் மலையிலிருந்து கீழே கொண்டு போகவும் அனுமதி கிடைக்குமா என்று முதலில் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

காடு, பாதை, நீர்

பட்டா நிலத்தைச் சுற்றிக் காப்புக்காடு இருப்பது கொல்லி மலையில் சாதாரணம். இதனால் மூன்று சிக்கல்கள் வரலாம்.

முதலாவது, நிலமே காடாகக் கருதப்படுவது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் பதிவேட்டில் காடு என்றிருந்தால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகும் பழைய பதிவேடுகளைப் பார்ப்பது அவசியம். 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிலமாக இருந்தால், மரம் வெட்ட மட்டுமல்லாமல், நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் குத்தகைக்கு விடவும்கூட முன் அனுமதி வேண்டும்.

இரண்டாவது, பாதை. நிலத்தைப் பார்க்கப் போகும்போது ஜீப் செல்லும் மண்பாதை இருக்கலாம். அது புலப்படத்தில் வண்டிப்பாதையாக இருக்கிறதா, பக்கத்து நிலத்தின் வழியாக அவர் இசைவால் செல்வதா, காப்புக்காட்டைக் குறுக்கிடுவதா என்று பார்க்க வேண்டும். காட்டின் வழியாகத் தனியார் விடுதிக்குச் சாலை போட வனத்துறை எளிதில் ஒப்புதல் தராது. வன உரிமைச் சட்டம் காட்டில் சாலை அமைக்க வழிதருவது ஊர் மக்களின் பொதுத் தேவைக்கே.

மூன்றாவது, நீர். ஓடை, ஊற்று, நீர்வழிப் புறம்போக்கு ஆகியவை புலப்படத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை அடைத்தோ திருப்பியோ கட்டக் கூடாது. கீழே உள்ள குடியிருப்பு அந்த ஊற்றை நம்பியிருக்கலாம். ஜனவரியில் பாயும் ஓடை சித்திரையில் வற்றிவிடலாம் என்பதால் கோடையில் ஒரு முறை நிலத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது.

பதிவு எதை உறுதிசெய்கிறது?

'பதிவாளரே பதிந்துவிட்டார், பிறகென்ன' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 22-அ பிரிவு அரசு நிலம், கோயில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம் போன்றவற்றின் பதிவைத் தடுக்கிறது. ஆனால் விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று விசாரிப்பது பதிவாளரின் வேலை அல்ல. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-அ விதியின் முதன்மைப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்ப் பதிவு. உரிமையை அது உருவாக்காது.

இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2023 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 விழுக்காடு ஆகிறது. 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்துக்கு இது 1,80,000 ரூபாய். பின்னாளில் ஒப்படை ரத்தானால் விலையாகக் கொடுத்த பணத்தோடு இதுவும் போகும்.

சரிபார்க்கும் வரிசை

முன்பணம் கொடுப்பதற்கு முன் பின்வரும் வரிசையில் சரிபார்க்கலாம்.

1. புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைப் பெற்று, அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை எடுத்தல். பட்டாவில் பரப்பு எக்டர், ஏர்ஸ் அளவில் இருக்கும். 1 ஏர்ஸ் ஏறத்தாழ 2.47 சென்ட்.
2. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பார்த்து, தற்போது பயிரிடுபவர் யார் என்று அறிதல்.
3. நிலம் ஒப்படை வகையா, ஆம் எனில் நிபந்தனை என்ன என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டல். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.
4. குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு ஆவணத்தின் நகலையும் படித்தல்.
5. வனச்சரக அலுவலகத்தில் காப்புக்காட்டு எல்லை, வன உரிமைக் கோரிக்கை, தனியார் காடு அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்டல்.
6. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலையும் நிலப் பயன்பாட்டையும் சரிபார்த்தல்.
7. ஊராட்சி, ஒன்றிய அலுவலகங்களில் வரி நிலுவை, பாதை, குடிநீர், கட்டட அனுமதி ஆகியவற்றைக் கேட்டல்.
8. அரசு நில அளவர் மூலம் எல்லையை அளந்து கல் நடுதல். பக்கத்து நிலத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் உடன் இருப்பது நல்லது.
9. இவை அனைத்தையும் நில வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெறுதல். விற்பவரோ தரகரோ அமர்த்தியவராக அவர் இருக்கக் கூடாது.

கிராம சபைக் கூட்டமும் ஒரு வாய்ப்பு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. ஊரின் பொதுப் பாதை, ஊற்று, கோயில் காடு பற்றிய முறையீடுகளும் வன உரிமைக் கோரிக்கைகளும் அங்குப் பேசப்படும். அதன் தீர்மானங்களைக் கேட்டுப் படித்தால், ஆவணங்களில் ஏறாத பூசல்கள் தெரியவரும்.

பிற இடங்களில் உள்ள முறைகள்

இங்கிலாந்தில் வீடு வாங்குபவரின் வழக்கறிஞர் உள்ளாட்சி மன்றத்துக்கு ஒரு தேடல் விண்ணப்பம் அனுப்புவது வழக்கம். திட்ட அனுமதி, சாலை, மரப் பாதுகாப்பு ஆணை போன்றவை பற்றிய விவரங்கள் ஒரே பதிலில் கிடைத்துவிடும். இலங்கையில் உள்ளூராட்சி மன்றத்திடமிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழ் பெறுகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டப்படி, ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்கும் முன் கூட்டுரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். அதை முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இமாசலப் பிரதேசத்தில் விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி அரசின் அனுமதி தேவை.

தமிழ்நாட்டில் இவ்வாறு எல்லாவற்றையும் ஒரே தாளில் தரும் சான்று இல்லை. வருவாய், வனம், பதிவு, ஊரமைப்பு, உள்ளாட்சி என ஐந்து துறைகளிடம் தனித்தனியே கேட்டு, பதில்களை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் வேலை வாங்குபவருடையது. ஒரு துறையின் 'சரி' மற்றொரு துறையின் 'இல்லை'யை மாற்றாது.

முடிவுரை

நிபந்தனை நிலத்தைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுக் கூலியாக மாறும் குடும்பம், அந்த நிபந்தனை யாருக்காக எழுதப்பட்டதோ அதே குடும்பம்தான். ஆகவே இந்த விதிகளை வாங்குபவருக்குப் போடப்பட்ட முட்டுக்கட்டையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ரயத்துவாரி நிலமாக இருந்து, எல்லா வாரிசுகளும் இசைந்து, பாதையும் நீரும் தெளிவாக இருந்து, கட்ட நினைப்பதற்கு அனுமதியும் கிடைக்கும் என்றால் கொல்லி மலையில் நிலம் வாங்கத் தடை ஏதுமில்லை. இவற்றுள் ஒன்று தெளிவாகாவிட்டாலும், தெளிவாகும் வரை முன்பணம் கொடுக்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.